பனைவிளைச் சந்தில் பட்டாள ஆட்சி

என் தம்பி பிச்சைக்கனி ஒரு நாட்டைப் பிடித்து ஆளவேண்டிய ஆள். அவன் கெட்ட நேரம், கரமனை ஆற்றங்கரையில் நாற்பது வீடு உள்ள பனைவிளைச் சந்துதான் அவனுக்குக் கிடைத்தது. கிடைத்ததை வைத்துப் பத்து வருஷம் ஆண்டான். வெளியாட்கள் யாராவது இதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் நானே சொல்கிறேன். கூடப் பிறந்தவள் சொன்னால் கொஞ்சம் பார்த்துத்தானே சொல்வாள்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். நாங்கள் இருவரும் இங்கேதான் பிறந்தோம். பிச்சைக்கனி பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிப் பார்த்தான். இரண்டு தடவையும் அது அவனை ஜெயித்துவிட்டது. அந்தக் கோபத்தில் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான்.

பட்டாளத்தில் அவனுக்கு ஸ்டோரில் வேலை. கம்பளி, மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு. தேசத்தின் உருளைக்கிழங்கை இருபத்துநாலு வருஷம் எதிரி தொடாமல் காத்தவன் அவன். லீவில் வந்து சொல்லும் கதைகளில் மட்டும் பனி பொழியும், குண்டு விழும்.

"குண்டு விழுந்தப்போ நீ என்னடே செஞ்சே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கதவைச் சாத்தினேன் எக்கா. உள்ள ஸ்டாக் இருக்குல்லா."

ஓய்வுபெற்று வந்ததும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டினான். தம்பானூரில் ஒரு லாட்ஜில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. அறை கேட்டு வருகிறவர்களை வரிசையில் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், எதற்கு வருகிறாய், திரும்பி எப்போது போவாய் என்று விசாரிப்பான். பாதிப் பேர் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்கள். லாட்ஜ் முதலாளி நல்ல மனுஷர். வழியனுப்பும்போது பொன்னாடை போர்த்தித்தான் அனுப்பினார்.

அதற்கப்புறம் காலையில் எழுந்தால் அவனுக்குப் போக ஓர் இடம் இல்லை. வாசலில் நின்று, போகிற வருகிற ஸ்கூட்டர்களை முறைப்பான். அவன் பெண்டாட்டி செல்வமணி என்னிடம் வந்து, "மைனி, இந்த மனுசனுக்கு ஏதாவது ஒரு வேலை பாத்துக் குடுங்க. மீன்காரிகிட்ட ஐடி கார்டு கேக்காரு" என்று கண்ணீர் விட்டாள்.

வேலை தாய்லாந்திலிருந்து வந்தது. 2014 மே மாதம் பழைய பட்டாளத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பாங்காக்குக்கு டூர் போனார்கள். எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று செல்வமணி கேட்கவில்லை. அங்கே கோயில்கள் நிறைய உண்டு என்று அவனாகவே மூன்று தடவை சொன்னான். போய் இறங்கிய மறுநாளே அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. ராத்திரி யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. கூடப் போன மூன்று பேரும், பார்க்க வந்த கோயில்களை நினைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். என் தம்பி மட்டும் ஹோட்டல் அறையில் டிவி முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான். எந்தச் சேனலைத் திருப்பினாலும் ராணுவ முத்திரை, ராணுவப் பாட்டு. நடுவில் ஒரு ஜெனரல் வந்து பேசுவார். என்ன பேசினார் என்று இவனுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. அதனால்தான் அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். தலைவர்கள் பேசுவது புரிய ஆரம்பித்தால் கஷ்டம்தானே.

திரும்பி வந்தவன் நேராக என் வீட்டுக்கு வந்தான். செல்வமணிக்கு வாங்கிய குடையைக்கூட என் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனான். அவ்வளவு பரவசம்.

"எக்கா, ரோட்டுல ஒருத்தன் ஹாரன் அடிக்கல்ல."

"ஊரடங்குன்னா ரோட்டுல ஆளே இருக்காதேடே."

"அதத்தான் சொல்லுதேன். என்ன ஒழுங்கு! கேளு. அடிச்சுக்கிட்டுக் கிடந்த ரெண்டு கட்சிக்காரனையும் அந்த ஜெனரல் கூப்பிட்டு உக்கார வச்சார். பேசிப் பாருங்கன்னார். ஒத்துவரல்ல. சரி, இனி நான் பாத்துக்கிடுதேன்னு எந்திரிச்சிட்டார். முடிஞ்சு."

"அந்த ரெண்டு கட்சிக்காரனும்?"

"பட்டாளத்துக் காவல்ல வச்சிருக்காங்க."

"சாப்பாடு குடுக்காங்களா?"

"நீ ஏன் எப்பவும் சாப்பாட்டையே கேக்கே?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சமயம் எங்கள் சந்திலும் இரண்டு கட்சி இருந்தது. குப்பைத் தொட்டி எங்கே வைப்பது என்று சண்டை. சந்தின் மேல்முனையில் அக்ரஹாரத்திலிருந்து குடிவந்த சுந்தரராமன் சார் இருந்தார். டிரஷரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், சந்தின் குடியிருப்போர் அசோசியேஷன் தலைவர், விதிமுறை தெரியாமல் தும்மக்கூட மாட்டார். ஆற்றுமுனையில் காண்டிராக்டர் ஜெபசிங். தொட்டி ஆற்றுமுனையில் இருக்கட்டும் என்பார் சார். மேல்முனையில்தான் காற்றோட்டம் என்பார் ஜெபசிங். மாதாமாதம் கூட்டம் போட்டு, சமோசா தின்று, அடுத்த மாதம் பேசலாம் என்று கலைவார்கள். குப்பை நடுச்சந்தில் கிடந்தது. நடுச்சந்தில் நான் இருந்தேன்.

பிச்சைக்கனி இரண்டு பேரையும் சமாதானம் பேச வீட்டுக்குக் கூப்பிட்டான். செல்வமணி சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் கொடுத்தாள். அவர்கள் மூன்றாவது பழம்பொரிக்குக் கை நீட்டுகிற நேரத்தில் இவன் எழுந்து போய் இரும்பு கேட்டைப் பூட்டினான்.

"ரெண்டு பேரும் ஒத்துப்போவீங்களா?"

"அது எப்படி வே ஒத்துப்போக முடியும்?" என்றார் ஜெபசிங்.

"அப்போ இந்த நிமிசத்துலேர்ந்து அசோசியேஷனை நான் ஏத்தெடுத்திருக்கேன்."

ஜெபசிங் சிரித்தார். பூட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். சுந்தரராமன் சாருக்கு வேறு கவலை. "பிச்சைக்கனி, எனக்கு ஷுகர் உண்டு. பாத்ரூம் போணும், கேட்டோ."

"மினிட்ஸ் புக்கும் சீலும் வந்ததும் போகலாம் சார்."

சார் மதிலருகே போய் நின்று, "சீதே! மினிட்ஸ் புக்கும் சீலும் எடுத்துண்டு வா!" என்று கத்தினார். அவர் மனைவி சீதாலக்ஷ்மி மாமி மேல்முனையிலிருந்து ஓடிவந்து, மதிலுக்கு மேலே கையை நீட்டி மினிட்ஸ் புத்தகத்தையும் சீலையும் கொடுத்தாள். ரத்தம் சிந்தாமல் ஆட்சி மாறியது. மீதியிருந்த பழம்பொரியை நான் தின்றேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். முதல் வருஷம் சந்து பளிச்சென்று இருந்தது. தொட்டியை இரண்டு முனையிலும் வைக்காமல், பக்கத்துக் காலி மனையின் மதிலோரம் வைத்தான். அந்த மனைக்காரர் துபாயில் இருந்தார், அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. பொதுக் கிணற்று மோட்டார் நேரத்துக்கு ஓடியது. சுவரோரம் ஒதுங்குகிறவர்கள் விசில் சத்தத்தில் பாதியில் ஓடினார்கள். தேர்தல் எப்போது என்று கேட்டவர்களுக்கு, "ஒழுங்கு வந்ததும்" என்றான். ஓணம் கழியட்டும் என்றான். சபரிமலை சீசன் கழியட்டும், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்றான். திருவனந்தபுரத்தில் மழை விடுவதற்குக் காத்திருந்தால் யார்தான் நிரந்தரத் தலைவர் ஆக மாட்டார்கள்?

சமாதானக் கமிட்டி என்று ஒன்று அமைத்தான். பாங்காக்குக்குக் கூடப் போன மூன்று பேரும், செல்வமணியின் அண்ணனும் உறுப்பினர்கள். நாலு பேரும் எங்கள் சந்தில் குடியிருக்கவில்லை. அதனால்தான் பாரபட்சமில்லாமல் இருப்பார்கள் என்று விளக்கம் சொன்னான். சந்தில் அனுமதியில்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடி நிற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெகாபோனில் அவன் உரை. முதலில் அவனே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடுவான். அந்தப் பாட்டில் ஒற்றுமை இருந்தது, தியாகம் இருந்தது, ராகம் மட்டும் இல்லை. யாராவது உரையின் நடுவே கேள்வி கேட்டால் பிடிக்காது. ஆள் உயரத்துக்குத் தன் படத்தை ஃபிளக்ஸில் அடித்து கிணற்றடியில் நிறுத்தினான். "கேள்வி இருந்தா அவர்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். உள்ளதைச் சொல்கிறேன், ஃபிளக்ஸ் எல்லோரையும் பொறுமையாகக் கேட்டது.

மூன்று வருஷம் கழித்துப் புதிய சட்டம் எழுதினான். வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஆனால் தலைவர் நியமிக்கும் ஆலோசனை உறுப்பினர்களுக்கும் ஓட்டு உண்டு. அப்படி விழிஞ்ஞத்திலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் எங்கள் சொந்தக்காரர்களையே முப்பது பேரை நியமித்துவிட்டு 2019-ல் தேர்தலும் வைத்தான். பெருத்த வெற்றி. ஓட்டுப்போட வந்தவர்களில் பாதிப் பேர் சந்துக்கு வழி கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

ஒரு தலைவர் எட்டு வருஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் அதே சட்டத்தில் அழகாக எழுதியிருந்தான். 2022-ல் எட்டு முடிந்தது. எண்ண வேண்டியது சட்டம் எழுதிய நாளிலிருந்துதான் என்றான். அதற்கு நடுவில் கொரோனாவுக்கு இரண்டு வருஷம் தள்ளுபடி. "அப்போ காலம் நின்னுபோச்சுல்லா எக்கா" என்று என்னிடமே சொன்னான். எனக்கு நிற்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில்தான் என் முழங்கால் இரண்டும் போயின.

இந்த நேரத்தில்தான் அஜிதா எங்கள் சந்துக்கு மருமகளாக வந்தாள். நாலாம் வீட்டு மாடம்மாளின் மகனைக் கட்டியவள். தம்பானூரில் டிக்கெட் புக்கிங் ஆபீசில் வேலை. வந்த மாதமே வெள்ளிக்கிழமை உரையில் கையைத் தூக்கினாள்.

"மாமா, தேர்தல் எப்போ?"

"சார்னு சொல்லணும்" என்றான் இவன்.

"சரி சார். தேர்தல் எப்போ சார்? வீட்டுக்கு ஒரு ஓட்டு, வெளியாள் இல்லாம."

மறுநாள் பொதுக் கிணற்றிலிருந்து நாலாம் வீட்டுக்குப் போகிற தண்ணீர்க் குழாயின் வால்வு ரிப்பேர் ஆகிவிட்டது. மற்ற வால்வுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. மாடம்மாள், என் வயசுக்காரி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலைக் கடந்து போவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிச்சைக்கனியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"லே, அந்த வால்வைத் திறந்து விடு."

"அது டெக்னிக்கல் விசயம் எக்கா."

"நாற்காலியை விட்டு இறங்குனா என்னடே போயிரும் உனக்கு?"

அவன் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்தான். என்ன போகும் என்று எனக்குத் தெரியும். லாட்ஜை விட்டு வந்தபோது வாசலில் நின்றானே, அந்த வாசலுக்கே திரும்பிப் போக வேண்டும். அதனால் நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். வால்வு விஷயத்தில் மட்டும் இறங்கவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக் குழாயிலிருந்து மாடம்மாள் வீட்டுக்கு ஹோஸ் போட்டுக்கொடுத்தேன். அக்காள் வீட்டு வால்வை மூடுகிற அளவுக்கு அவன் ஜெனரல் ஆகவில்லை.

அஜிதா சட்டத்தை வாங்கிப் படித்தாள். இவன் எழுதியதை முழுக்கப் படித்த முதல் ஆள் அவள்தான். சட்டத்தை மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆள் சந்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். தலைவர் நாற்காலியில் இருக்க வேண்டும். கை தூக்கி முடிவெடுக்க வேண்டும். அப்படி ஒரு நாள் வராது என்று நம்பித்தான் எழுதியிருந்தான். கொத்தனார் விடியற்காலையில் போவான், ஹோட்டல்காரன் ராத்திரி வருவான், வாட்ச்மேன் பகலில் தூங்குவான். எங்கே கூடுவது? அதற்கு மேலே ஐந்து பேர் உத்தரவு வேறு.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டான். ஆண்பிள்ளைகள் எழுதுகிற சட்டத்தில் பொங்காலை ஞாபகம் வராது.

ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்காலையன்று ஊரே பெண்களுடையது. கோயிலைச் சுற்றி எத்தனையோ தூரத்துக்கு ரோட்டிலும் சந்திலும் மூன்று மூன்று செங்கல்லாக வைத்து, மண்பானை ஏற்றி, பாயசம் பொங்குவார்கள். எங்கள் சந்திலும் அப்படித்தான். கோயிலில் பற்றவைத்த தீ அடுப்பு அடுப்பாகக் கைமாறி வரும். பொங்கி முடிந்து கோயில் பூசாரிகளான போற்றிமார் வந்து தீர்த்தம் தெளிக்கிறவரை யாரும் அடுப்பை விட்டு நகரமாட்டார்கள். அந்த நாளுக்கு மட்டும் ஐந்து பேர் உத்தரவைத் தளர்த்தியிருந்தான். பகவதிக்கு வால்வை மூட முடியாதே. ஆனால் அடுப்புகளைச் சுண்ணாம்புக் கோடு போட்டு வரிசையாக நிறுத்தினான். சந்தின் தலைப்பில் குடைக்குக் கீழே தலைவர் நாற்காலி, கையில் மெகாபோன். "மூன்றாம் வரிசை, புகையைக் கட்டுப்படுத்தவும்" என்று உத்தரவு.

போன பொங்காலைக்கு முந்தின பொங்காலை அது. செல்வமணி எனக்குப் பக்கத்து அடுப்பில் மண்டைப்புட்டு பிசைந்துகொண்டிருந்தாள். தலைநோய் தீர நேர்ந்துகொண்டு வைக்கிற பலகாரம் அது.

"யாருக்குப் பிள்ள தலைநோவு?" என்று கேட்டேன்.

அவள் நாற்காலிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "எனக்குத்தான் மைனி. ஆனா நோவு அங்க இருக்கு."

பாயசம் பொங்கிப் பெண்களின் குரவைச் சத்தம் எழுந்து அடங்கியதும் அஜிதா எழுந்து நின்றாள். கோடிச் சேலை, நெற்றியில் சாம்பல், கையில் தேங்காய்ச் சிரட்டைக் கரண்டி.

"சார், மூணில ரெண்டு பங்கு வீடு இங்க இருக்கு. நீங்களும் நாற்காலில இருக்கீங்க. சட்டப்படி பொதுக்கூட்டம் தொடங்கிட்டு. ஆலோசனை உறுப்பினர் வேண்டாம், சித்திரை விஷு கழிஞ்ச ஞாயிற்றுக்கிழமை தேர்தல். இதுதான் தீர்மானம்."

பிச்சைக்கனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மெகாபோனைத் தூக்கினான். "இது பிரார்த்தனை! கூட்டம் இல்ல!"

"சாமி முன்னால எடுத்த முடிவுன்னா இன்னும் விசேசம்தானே சார்."

இவன் சுந்தரராமன் சாரைப் பார்த்தான். சார் மாமிக்கு விசிறியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "சார், நீங்க சொல்லுங்க. இப்படி நடத்தலாமா?"

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்து வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "விதிப்படி எல்லாம் செரியாத்தான் இருக்கு பிச்சைக்கனி. ஒரு குறையும் சொல்றதுக்கில்லை. நன்னா எழுதியிருக்கேள்."

"அப்போ கூட்டத்தை ஒத்திவைக்கேன்!"

"ஒத்திவைக்கணும்னா சபையோட சம்மதம் வேணும். அதையும் நீங்கதான் எழுதியிருக்கேள்."

அஜிதா எல்லோரையும் திரும்பிப் பார்த்தாள். "சம்மதம் உள்ளவங்க கரண்டியைத் தூக்குங்க."

மாடம்மாள் தூக்கினாள். வேறு யாரும் தூக்கவில்லை. வால்வு எல்லோர் வீட்டுக்கும் இருக்கிறதே. இன்று தூக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. அடுத்த பொங்காலையன்று இவன் நாற்காலிப் பக்கமே வரமாட்டான். நான் என் கரண்டியைத் தேடினேன். அது சேலைக்கடியில் மாட்டிக்கொண்டு, இழுத்தும் வரவில்லை.

அதற்குள் பக்கத்தில் ஒரு கரண்டி உயர்ந்தது. செல்வமணி.

"செல்வமணி! கையை இறக்கு!" என்று மெகாபோனிலேயே அலறினான். மூன்று சந்துக்குக் கேட்டிருக்கும்.

"வீட்டுக்கு ஒரு ஆள்னு எழுதினது நீங்கதானே? நம்ம வீட்டுல நான்தான் உக்காந்திருக்கேன். கூட்டத்துல தலைவருக்கு ஓட்டில்லன்னும் நீங்கதான் எழுதினீங்க" என்றாள் அவள். கரண்டியிலிருந்து பாயசம் முழங்கைக்கு வழிந்தது. இறக்கவில்லை.

அப்புறம் என் கரண்டி. அப்புறம் சீதாலக்ஷ்மி மாமி, அதற்கப்புறம் வரிசை வரிசையாக. சுண்ணாம்புக் கோடு போட்டு நிறுத்தியிருந்ததால் எண்ணுவதற்கு மிகவும் வசதியாக இருந்தது.

சமாதானக் கமிட்டி எங்கே என்று திரும்பிப் பார்த்தான். நாலு பேரும் மெயின்ரோட்டில் வடையும் மோரும் இலவசமாகக் கொடுக்கிற பந்தலில் இருந்தார்கள். இவன் தொப்பியைச் சரிசெய்தான். எழுந்து நின்றான். நாற்காலியை எட்டி உதைக்கப்போகிறான் என்றுதான் பயந்தேன். "தீர்மானம் நிறைவேறியது" என்று மெகாபோனில் சொன்னான். தன் தோல்வியைக்கூட வேறொருவர் அறிவிப்பதை அவனால் தாங்க முடியாது. அவன் குரல் கம்மியதற்குக் காரணம் மூன்றாம் வரிசையின் புகை என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

தேர்தலில் அஜிதா நின்றாள், இவனும் நின்றான். நிற்க மாட்டான் என்று நினைத்தோம். ஆனால் மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனான். நாலாம் வீட்டு வால்வு தானாகவே சரியாகிவிட்டிருந்தது. டெக்னிக்கல் விஷயம், அப்படித்தான். பத்து வருஷத்தில் முதல்தடவையாக மற்றவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயரைக் கேட்டான். என்னிடமும் வந்தான். உத்தரவு போட்டுப் பழகிய வாய்க்குக் கேட்கத் தெரியவில்லை. சாயா குடித்தான், என் முழங்காலை விசாரித்தான், மின்விசிறியைப் பார்த்தான். கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எக்கா, ஒரு ஓட்டு..." என்றான்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

விஷு கழிந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டு நடந்தது. பெயரை வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் போட்டிருந்தார்கள். அஜிதாவுக்குக் கரண்டி, இவனுக்குக் குடை. அஜிதா ஜெயித்தாள். இவனுக்கு விழுந்த ஓட்டும் அப்படியொன்றும் மோசமில்லை, ஏழு. அதில் ஒன்று அவனுடையது; வீட்டு ஓட்டு போக, வேட்பாளருக்குத் தனியாக ஓர் ஓட்டு உண்டு. மற்ற ஆறு யாருடையது என்று அன்றிலிருந்து ஆராய்ச்சி.

அஜிதா சின்னவளானாலும் விவரமானவள். தோற்றவரை வாசலில் நிற்கவிட்டால் ஸ்கூட்டர்களை முறைப்பார் என்று செல்வமணி சொல்லியிருப்பாள்போல. இவனை அசோசியேஷனின் ரக்ஷாதிகாரி, அதாவது புரவலர், ஆக்கிவிட்டாள். நோட்டீசில் எல்லோர் பெயருக்கும் மேலே ரக்ஷாதிகாரி பெயர் இருக்கும். வேலை ஒன்றும் இருக்காது. இதைவிடப் பெரிய பதவி ஊரில் கிடையாது என்று நானும் அடித்துச் சொன்னேன். நம்பிவிட்டான். இப்போது காலையில் குளித்து, தொப்பி வைத்து, கிணற்றடிக்குப் போய்க் கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஆலோசனை சொல்கிறான். அடுத்த தேர்தல் தேதியை இப்போதே அறிவிக்காதது ஜனநாயக விரோதம் என்று அஜிதாவிடம் தினமும் சண்டை.

போன வாரமும் என் வீட்டுக்கு வந்தான். ஆறு பேரில் ஐந்து பேரைக் கண்டுபிடித்துவிட்டானாம். செல்வமணி ஒன்றாம். அவள் இவனுக்குத்தான் போட்டாளாம். அவளே சொன்னாளாம்.

"ஒண்ணுதான் எக்கா தெரியல்ல. நீ யாருக்குப் போட்டே?"

"ரகசிய ஓட்டுடே அது."

"நான் உன் கூடப் பிறந்தவன்."

"கூடப் பிறந்தவன்கிட்டச் சொல்லணும்னு சட்டத்துல இருக்கா?"

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்துபோய், யாரும் சொல்லாமலே, என் சமையலறைக் குழாயின் ஒழுகலுக்கு வாஷர் மாற்றினான். போகும்போது இன்னொரு தடவை கேட்டான். தட்டில் ரெண்டு முறுக்கு வைத்துக் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. வீட்டில் இன்னும் இரண்டு குழாய் ஒழுகுகிறது.